வியாழக்கிழமைக் கடல்

சேது கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டான், ஒன்றை ஒன்று தொடாமல். இரண்டுக்கும் மேலே இருந்த காலி இடத்தைச் சாக்பீஸால் தட்டிக் காட்டினான். இங்க ஒண்ணும் எழுதலை மேடம், எழுத ஒண்ணும் இல்லைங்கிறதுதான் விஷயம், என்றான். நியோ ரியலிசம் அந்தக் காலி இடத்திலிருந்துதான் தொடங்குகிறதாம். நாடுகளுக்கு மேலே தட்டிக்கேட்க ஆள் கிடையாது, போலீஸ் கிடையாது, தலையாரி கிடையாது, அதனால் அவனவன் பாட்டை அவனவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அடுத்தது நான். அவன் முடித்ததும் எழுந்து போய் அதே பலகையில் நியோ லிபரலிசம் என்று எழுதி, மேலே ஆள் இல்லாவிட்டாலும் பேசி வைத்துக்கொண்டு ஒழுங்காக இருக்க முடியும் என்று இந்த வகுப்பை நம்ப வைக்க வேண்டும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டக் என்றது. அந்த டக்கில் அம்மாவின் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது, யார்ட்டயும் சொல்லிறாத, டக், யார்ட்டயும் சொல்லிறாத. மத்தியானம் மெஸ்ஸில் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போது போன் செய்தாள். சாப்டியா, சளி போச்சா, இன்னைக்குத்தான உனக்கு ஏதோ பேசுறது, நல்லா சத்தமாப் பேசு, வாய்க்குள்ளயே பேசாத. அதெல்லாம் சொல்லிவிட்டு, ஐஸ் ஏத்திக்கிட்டு இருக்காங்கப்பா, அப்பா இருட்டுனதும் கடலுக்குப் போறாரு, என்றாள், வீட்டில் உப்புத் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி. இன்னைக்கு வியாழக்கிழமையாச்சேம்மா என்றேன். ஆமா என்றாள். பிறகுதான் அந்த யார்ட்டயும் சொல்லிறாத. அந்தப் பையன் பக்கத்துல இருக்கானா, என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இருந்தான். சேது எனக்கு எதிரே உட்கார்ந்து என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

வியாழக்கிழமை எங்களுடையது அல்ல. எங்கள் பக்கத்து வடகடலில் வாரத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு. மிச்சம் நாலு நாளும் நாட்டுப்படகு. என் அப்பா சவரிமுத்துவுக்கு விசைப்படகு, சேதுவின் அப்பா இருளப்பனுக்கு நாட்டுப்படகு, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்ன முனையும் ஒரு சவுக்குத் தோப்பும். விசைப்படகு இழுக்கிற மடிவலை கடலடியைப் பிறாண்டிக்கொண்டே போகும். நாட்டுப்படகுக்காரர் நண்டு வலையைச் சாயங்காலம் அடியில் இறக்கிவிட்டு, மேலே ஒரு கொடியை மிதக்கவிட்டுக் கரைக்கு வந்துவிடுவார், விடிந்து போய் எடுப்பார். இரண்டும் ஒரே ராத்திரி ஒரே தண்ணீரில் இருந்தால் மடியோடு வலையும் போய்விடும். காலையில் கொடியையும் காணோம், வலையையும் காணோம், யார் கொண்டு போனது என்று கேட்கக் கடலுக்கு வாயும் இல்லை. அதற்காகத்தான் எப்போதோ எல்லோரும் உட்கார்ந்து, சண்டை போட்டு, திரும்ப உட்கார்ந்து, கிழமைகளைப் பங்கு வைத்தார்கள். இதை நான் என் பேச்சில் சேர்த்திருந்தேன். சேர்த்திருந்தேன் என்ன, அதுதான் என் பேச்சே. ஒரு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன், எல்லாரும் ஐரோப்பாவைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்க, நான் நம்ம கடலைச் சொல்லப்போறேன் பாரு என்று. சேது சிரித்தான். சொல்லு, சொல்லு, வல்லரசு வந்து சமாதானம் பேசுறதைக் கேக்க நல்லாத்தான் இருக்கும், என்றான். அவன் என்னை வல்லரசு என்றுதான் கூப்பிடுவான், விசைப்படகு வீட்டுப் பிள்ளை என்பதால். நான் அவனை அணிசேரா நாடு என்பேன். முதல் வருஷத்தில் ஒரே அறையைக் கொடுத்துவிட்டார்கள், ஊர் பேரைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் படுத்தோம். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது, அவன் கஞ்சி வாங்கி வந்தான், இந்தா வல்லரசு, உதவி வந்திருக்கு, நிபந்தனை எல்லாம் அப்புறம் சொல்றேன் என்று டம்ளரை நீட்டினான். அப்படி வந்த பெயர்.

சேது பலகையில் இரண்டில் ஒரு வட்டத்தைப் பெரிதாக்கினான். இந்த நாடு கெட்ட நாடுன்னு தியரி சொல்லலை, என்றான். நல்லவனா கெட்டவனாங்கிற கேள்வியே வேண்டாம். மேல ஆள் இல்லாத இடத்துல நல்லவனை நிறுத்தினாலும் அவன் பக்கத்து வீட்டுக் கையைத்தான் பாத்துக்கிட்டு நிப்பான். கோமளா மேடம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நல்லது, அங்க இருந்து சார்பு ஆதாயத்துக்கு வா, என்றார். நான் கேட்டு வளர்ந்த கதைகளில் ராஜா கெட்டவனாக இருப்பான். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம் என்று தாத்தா இழுக்கும்போதே தெரிந்துவிடும், இவன் கெட்டவன், கடைசியில் இவன் தலையில் ஏதாவது விழும், நாம் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தத் தியரியில் ராஜா கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. பயந்தவனாக இருந்தால் போதும். ஒரு ஊர்ல ரெண்டு ராஜா இருந்தாங்களாம், ரெண்டு பேரும் நல்லவங்களாம், அவன் ராத்திரி முழிச்சிருக்கானோன்னு இவனும் இவன் முழிச்சிருக்கானோன்னு அவனும் தூங்கவே இல்லையாம். அந்தக் கதையில் யார் தலையில் எது விழ வேண்டும். அப்பா கெட்டவர் இல்லை. அப்பா பொங்கலுக்கு இருளப்பன் மாமா வீட்டுக்கு மீன் கொடுத்து விடுகிறவர். மீன்காரன் வீட்டுக்கே மீன் கொடுத்து விடுறியே என்று அம்மா சிரிப்பாள், கொடுக்கட்டும், அந்தப் பையன் நம்ம பயலுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்திருக்கான்ல, என்பார். அதே அப்பா.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அப்பா கரையில் நின்று, எங்களைப் போலவே விசைப்படகு வைத்திருக்கிற லியோன் மாமாவின் படகிலிருந்து மீன் பெட்டி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை அது. வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி இறங்குகிறது என்றால் வியாழக்கிழமை ராத்திரி போயிருக்கிறார் என்று அர்த்தம், கரையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் பெட்டியையே பார்த்தார். நமக்குக் குறைஞ்சிருச்சாப்பா, என்று கேட்டேன். நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு, என்றார், சனிக்கிழமை மீன்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. பிறகு வெகுநேரம் கழித்து, வீட்டுக்கு நடந்து வரும்போது, நான் கேட்ட கேள்வியையே மறந்துவிட்ட பிறகு, நமக்குக் குறையலை, அவனுக்குக் கூடிருச்சு, என்றார். நான் அன்றைக்கு மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. சந்தோஷம்தான் பட்டேன், அடடா, சார்பு ஆதாயம், பாடப்புத்தகத்தில் இருக்கிறதை அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டாரே, எனக்கு என்ன கிடைத்தது என்பது கேள்வி இல்லை, அவனுக்கு என்னைவிட எவ்வளவு கூடக் கிடைத்தது என்பதுதான் கேள்வி, இதைச் சேதுவிடம் சொன்னால் அவன் பேச்சுக்கு ஆகும் என்று. சொல்லவும் செய்தேன். அப்பா சொன்னதாகச் சொல்லவில்லை, யாரோ ஒருவர் கரையில் சொன்னதாகச் சொன்னேன். இப்போது சேது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், பலகைப் பக்கமாகத் திரும்பி நின்று, எங்க பக்கம் ஒரு பெரியவர் சொன்னாராம் மேடம், எனக்குக் குறையலை, அவனுக்குக் கூடிருச்சுன்னு. வகுப்பு சிரித்தது. கோமளா மேடமும் சிரித்தார். நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்பு என் முகத்தில் கொஞ்ச நேரம் கழற்ற முடியாமல் இருந்தது. அந்தப் பெரியவர் இந்நேரம் டீசல் டிரம்மை உருட்டிக்கொண்டிருப்பார். இருட்டினதும் கிளம்புவார். அதற்கு முன்னால், நாலு மணி வாக்கில், இருளப்பன் மாமா நண்டு வலையை ஏற்றிக்கொண்டு முனையைத் தாண்டுவார், ஏனென்றால் இன்றைக்கு வியாழக்கிழமை, வியாழக்கிழமை அவருடையது.

சொன்னால் என்ன. இவன் இறங்கி வந்து உட்காரும்போது பெஞ்சுக்கடியில் காலைத் தட்டி, டேய், உங்கப்பாவை இன்னைக்கு வலை போட வேண்டாம்னு சொல்லு என்றால் முடிந்தது. நாலு வார்த்தைக்கு மேல் இல்லை. ஆனால் அந்த நாலு வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். இருளப்பன் மாமா தனியாக வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டில் படுத்துவிட மாட்டார், பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்வார், சொல்லாமல் எப்படி இருப்பார், அவர்கள் வலையும்தானே அங்கே கிடக்கும். பத்துப் பதினைந்து படகு விளக்கை அணைத்துவிட்டு முனையில் காத்திருக்கும். அப்பாவின் படகைச் சுற்றி வளைத்துக் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு கூட்டம். நான் பார்த்திருக்கிறேன், சின்னப் பையனாக இருந்தபோது, இதே மாதிரி கிழமை மீறிப் போனதற்கு ரீகன் மாமாவைக் கூட்டத்தில் நிற்க வைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை, பெரிய மனிதர்கள் அவரவர் பாட்டுக்கு வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள், மழையைப் பற்றி, யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி. ரீகன் மாமா நடுவில் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். நாலு பேருக்கு வேலை கொடுக்கிற மனுஷன். மூக்கு நுனியில் வேர்வை சேர்ந்து நின்றது, கையைப் பிரித்தால் மரியாதைக் குறைவு என்பதால் துடைக்கவில்லை. அது எப்போது விழும் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் அப்பா. அப்பாவுக்கு வேர்வை கழுத்தில்தான் முதலில் வரும். யாருடா சொன்னது என்று அப்பா கேட்க மாட்டார், கேட்காமலே தெரிந்துவிடும், அம்மா ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறார், அம்மா ஒருத்தனிடம்தான் சொல்லியிருக்கிறாள். சொல்லாவிட்டால் என்ன. சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். கடல் பெரிசு, அப்பா வடக்கே போகலாம், மாமா தெற்கே இறக்கலாம். இப்படி நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதிதான் என்னை மிகவும் அசிங்கப்படுத்தியது. நண்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இரண்டு பேரும் போவார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கடல் பெரிசு என்று நினைத்தேன்.

சேது முடித்தான். கை தட்டினார்கள். சாக்பீஸை என் கையில் வைத்து, போ வல்லரசு, உலகத்தைக் காப்பாத்து, என்று மெதுவாகச் சொன்னான். சாக்பீஸ் அவன் கைச் சூட்டோடு இருந்தது. அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய்ப் பலகை முன்னால் நின்றேன், அவன் போட்ட வட்டங்களை அழிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் அழிக்காமல் விட்டேன். பேச ஆரம்பித்தேன். கொஞ்சம் சத்தமா ரெக்ஸன், என்றார் கோமளா மேடம், கடைசி பெஞ்சுக்கும் உலகம் இருக்கு. நியோ லிபரல்களும் மேலே ஆள் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறார்கள், என்றேன். அங்கே சண்டை இல்லை. இவர்கள் சொல்வது வேறு, ஏமாற்றுவதற்குக் காரணம் கெட்ட மனசு இல்லை, தெரியாமை. எதிர்ப்பக்கம் என்ன செய்யப்போகிறது என்று தெரியாததால்தான் நான் முந்திக்கொள்கிறேன். தெரிந்துவிட்டால் முந்த வேண்டியதில்லை. அதற்குத்தான் அமைப்பு, ஒப்பந்தம், உட்கார்ந்து பேச ஒரு இடம். அது போலீஸ் இல்லை, அது யாரையும் அடிக்காது, அது செய்கிறதெல்லாம் ஒன்றுதான், இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கத்துக்குச் சொல்லிவிடும். சொல்லிவிடும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். சேது முதல் பெஞ்சில், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, தலையாட்டிக்கொண்டிருந்தான், நான் அவனுக்கு ஆட்டியதைப் போலவே. அதற்கப்புறம் எங்கள் கடல் வர வேண்டும். நான் அதைத் தாண்டினேன். ஐரோப்பாவுக்குப் போனேன், அங்கே சண்டை போட்ட நாடுகள் சேர்ந்து பங்கு வைத்த நிலக்கரிக்கும் எஃகுக்கும் போனேன், எல்லோரும் போகிற இடத்துக்குப் போனேன், தொங்கினேன். இரு, இரு, என்றார் கோமளா மேடம். ஊர் உதாரணம் ஒண்ணு வச்சிருக்கேன்னு சொன்னியே, நான் அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். அது அவ்வளவு பொருந்தலை மேடம், என்றேன். பொருந்துதா இல்லையான்னு நாங்க சொல்றோம், நீ சொல்லு.

சொன்னேன். அதுதான் அவமானம், சொன்னேன், அதுவும் நன்றாகச் சொன்னேன். வாய் தானாகப் பேசியது, ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த வாய். ஒரு ஊர்ல ஒரு கடல் இருந்துச்சு, ரெண்டு கூட்டம் இருந்துச்சு, என்று கதை போல ஆரம்பித்தேன், வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. கடல்ல கோடு போட முடியாதுல்ல, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். போட முடியாது, அதனாலதான் கிழமையில போட்டாங்க, என்றேன், சிரித்தார்கள். திங்கள், புதன், சனி என்று பலகையில் எழுதினேன். கொஞ்சம் இடம் விட்டு ஞாயிறு, செவ்வாய், வியாழன், வெள்ளி. வியாழனை எழுதும்போது சாக்பீஸ் கிறீச்சிட்டது, யாரோ காதைப் பொத்திக்கொண்டார்கள். கோமளா மேடம் கேட்டார், சரி, மீறினா யார் பிடிப்பா, மேலதான் ஆள் இல்லையே. அதற்கும் பதில் வைத்திருந்தேன். தியரியில் இதற்கு எதிர்காலத்தின் நிழல் என்று பெயர் மேடம், நாளைக்கும் இவனோடுதான் கடலில் இருக்கப்போகிறோம் என்பதால் இன்றைக்கு ஏமாற்ற மனசு வராது. எங்க ஊர்ல அதை இன்னும் சுலபமாச் சொல்லுவாங்க, என்றேன். மறுநாள் முகத்துல முழிக்கணும்ல. வகுப்பு அமைதியாக இருந்தது, அந்த அமைதி எனக்குப் பிடித்த அமைதி, பேச்சு இறங்கிவிட்டது என்று சொல்கிற அமைதி. கை தட்டினார்கள். சேதுவுக்குத் தட்டியதைவிடக் கொஞ்சம் கூட. நான் அதை அளந்தேன். அந்த நேரத்திலும், அப்பா ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும், என் காது அதை அளந்தது, எனக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு என்று.

இப்போ எதிர்க்கேள்வி, என்றார் மேடம், சேதுபாண்டி, விடாத. நான் பலகையோரம் நின்றேன். கேட்கட்டும் என்று இருந்தது. வியாழக்கிழமை ராத்திரி ஒருத்தனும் போறதில்லைன்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா என்று இவன் கேட்டால் இங்கேயே, எல்லோர் முன்னாலும், முடியாது என்று சொல்லிவிடுவேன், கேள்விக்குப் பதில் சொன்ன மாதிரிதான் இருக்கும், காட்டிக்கொடுத்த மாதிரி இருக்காது. கேளுடா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். சேது எழுந்தான். பேனாவை மூடினான், திறந்தான். கேள்வி இருந்துச்சு மேடம், கேக்கலை, என்றான். ஒத்துக்கிடுறேன். வகுப்பில் ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். தியரியா எனக்கு இன்னும் இவன் சொல்றதுல நம்பிக்கை இல்லை. எல்லா வியாழக்கிழமையும் எங்கப்பா எனக்குப் போன் பண்ணுவாரு மேடம், அந்தப் பக்கம் ஏதும் பேச்சு இருக்காடான்னு. நான் இவன்கிட்ட கேப்பேன். ஒண்ணும் இல்லைம்பான். போய்ச் சொல்லுவேன், அவர் வலை போடப் போவாரு. இன்னைக்கும் கேட்டாரு, சாப்பிட்டு முடிச்சு கை கழுவப் போனப்ப. நான் இவன்கிட்ட கேக்கவே இல்லை. ஒண்ணும் இல்லப்பா, நீங்க போடுங்கன்னு நானே சொல்லிட்டேன். ஏன் கேக்கலைன்னு இப்ப இவன் பேசுறப்பதான் யோசிச்சேன். ஏதாவது இருந்தா அவனே சொல்லியிருப்பான்ல. அவ்வளவுதான் மேடம், என்று உட்கார்ந்தான். கோமளா மேடம் மேசையில் விரலால் தட்டினார். இதை ரெண்டு பேரும் அப்படியே எழுதிக் கொடுங்க, என்றார். எனக்கு மின்விசிறியின் டக் மட்டும் கேட்டது. பலகையில் என் கையெழுத்தில் வியாழன் என்று இருந்தது. டஸ்டரை எடுத்து முதலில் அதை அழித்தேன், பிறகு எல்லாவற்றையும் அழித்தேன், பிறகு ஒன்றும் இல்லாத பலகையையும் கொஞ்ச நேரம் அழித்துக்கொண்டிருந்தேன்.

வராந்தாவில் அவன் எனக்காக நின்றான். டீ குடிக்கப் போவோமா, ஜெயிச்ச வல்லரசுதான் வாங்கித் தரணும், என்றான். நடந்தோம். படிக்கட்டு வரை நடந்தோம். வெயில் படிக்கட்டில் பாதி வரை ஏறியிருந்தது. மணி என்ன என்று பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டும், நாலைத் தாண்டியிருந்தால் செய்ய வேண்டாம். தாண்டியிருக்கட்டும் என்று ஒரு மனசு. அந்த மனசும் என்னுடையதுதான், வேறு யாரிடமிருந்தோ வந்ததில்லை. அப்பாவின் கழுத்து வேர்வை தெரிந்தது. அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. அவன் ஒரு படி இறங்கினான், நான் இறங்கவில்லை. சேது, என்றேன். என்ன. உங்கப்பாவுக்குப் போன் பண்ணு. ஏன்டா. வலை போட வேண்டாம்னு சொல்லு. அவன் சிரிக்கப் போனான், அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன், அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். லியோன் படகா, என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். உங்க படகா. ம், என்றேன், அதுவும் வாய்க்குள்ளேயே. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தான். எப்ப இருந்து தெரியும். சாப்பிடுறப்ப இருந்து, என்றேன். சாப்பிடுறப்ப இருந்து, என்று அவனும் ஒரு தடவை சொன்னான், கேள்வியாக இல்லை, கனம் பார்ப்பது போல.

போனில் மணி வெகுநேரம் அடித்தது. அடித்து நின்றது. மறுபடியும் போட்டான். இந்தத் தடவை எடுத்தார், கடல் காற்றில் கத்திப் பேசுகிற குரல், எனக்கும் கேட்டது. என்னடா இந்நேரத்துல. அப்பா, எங்க இருக்கீங்க. முனையைத் தாண்டி வந்துட்டேன், பாதி இறக்கியாச்சு, ஏன். எடுத்துருங்கப்பா, என்றான் சேது. எதை. வலையைப்பா. இன்னைக்கு வேண்டாம், எடுத்துட்டு வந்துருங்க. இன்ஜினை அணைத்துவிட்டார் போல, குரல் தணிந்து பக்கத்தில் வந்தது. யாருடா சொன்னா. யாரோ சொன்னாங்கப்பா. யாரோன்னா, யாரு படகு வருதாம். அது தெரியலை. நீங்க எடுத்துருங்க, பக்கத்துல போட்டிருக்கவங்களையும் எடுக்கச் சொல்லுங்க, காத்து மாறுது, கடல் சரியில்லை, என்னத்தையாவது சொல்லுங்க, யாரும் நின்னுக்கிட்டு இருக்க வேண்டாம். சேது, என்று அவர் இழுத்தார், யாரோ சொன்னதுக்கு இறக்குன வலையை எடுக்கச் சொல்றியே, அந்தத் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா. அந்தத் தம்பி ஆமான்னு சொல்லட்டும், நான் எடுத்துருறேன். பக்கத்துலதான இருக்கும், குடு.

சேது என்னைப் பார்த்தான். போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினான், நீட்டப்போகிறான் என்று நினைத்தேன், நீட்டியிருந்தால் வாங்கியிருப்பேன், வாங்கி என்ன சொல்லியிருப்பேன். அவன் நீட்டவில்லை. திரும்பவும் காதில் வைத்துக்கொண்டு, முகத்தை மைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு, இல்லப்பா, என்றான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கேட்டுட்டேன். அவனுக்கு எதுவும் தெரியலை. நான் சொல்றேன், எடுங்க. எனக்குத் தெரிந்து என்னைப் பற்றி இருளப்பன் மாமாவிடம் அவன் சொன்ன முதல் பொய் அது, அதை எனக்காகச் சொன்னானா, அல்லது இனிமேல் என்னிடம் கேட்க ஒன்றுமில்லை என்று சொன்னானா என்று பார்க்க நான் அவன் முகத்தைத் தேடினேன், அவன் திரும்பவில்லை. போனில் தண்ணீரிலிருந்து வலை ஏறுகிற சத்தம் வந்தது, ஈரக் கயிறு பலகையில் உரசுகிற சத்தம், ஒரு பாகம், இன்னொரு பாகம். அவன் அதைக் கேட்டுக்கொண்டே நின்றான். மேலே வகுப்பிலிருந்து இறங்கி வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள், கோமளா மேடம் ஒரு நொடி நின்று, ரெண்டு பேரும் நல்லாப் பண்ணீங்கப்பா, என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மூக்கு நுனியில் வேர்த்திருந்தது. துடைக்க நினைத்தபோதுதான் தெரிந்தது, என் இரண்டு கையும் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்தன. எப்போது கட்டினேன் என்று தெரியவில்லை. பிரிக்கவில்லை.